வீட்டில் விஸ்கி ஒப்பிடும்போது வரும் கோளாறுகள்: அறிகுறியைப் பார்த்துச் சரிசெய்யும் வழி

ஒரு ஃபுல்லை வாங்கிவிட்டு நொந்துகொள்வதைவிட, 180 மில்லி குவாட்டராக நாலு வகை வாங்கி வீட்டில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது காசுக்கும் நல்லது, நாக்குக்கும் நல்லது. ஆனால் அப்படிப் பார்த்தவர்கள் சொல்லும் குறைகளில் பெரும்பகுதி பாட்டிலைப் பற்றியதாக இருப்பதில்லை. கோடை வெயிலில் கொதிக்கிற அறை, போர் தண்ணி, சோப்பு வாடை போகாத டம்ளர், சற்றுமுன் தின்ற சால்னா ஆகியவைதான் நாக்கில் பேசுகின்றன. அதனால் முதலில் இவற்றை ஒவ்வொன்றாகக் கழித்துவிட வேண்டும். மிஞ்சுவதுதான் விஸ்கியின் குணம்.

தேவையான சாமான் கொஞ்சம்தான். அடி அகன்று வாய் குறுகிய கண்ணாடிக் கிளாஸ் நாலு, மருந்துக்கடையில் கிடைக்கும் ஊசி மாட்டாத 10 மில்லி சிரிஞ்சு ஒன்று, துப்புவதற்கு ஒரு சொம்பு, தண்ணீர், காகிதம், பேனா. ஒரு வகைக்கு 15 மில்லி போதும். நாலு வகைக்கு மேல் ஒரே நாளில் வேண்டாம். 42.8 சதவீத வீரியமுள்ள விஸ்கி 60 மில்லி என்றால் அதில் ஏறக்குறைய 20 கிராம் சாராயம் (ஆல்கஹால்) இருக்கும். முழுவதையும் விழுங்கினால் நாலாவது கிளாஸைப் பற்றி நீங்கள் சொல்வதை நம்ப முடியாது. வாயில் சுழற்றித் துப்புங்கள். தமிழ்நாட்டில் 21 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு இது கிடையாது. மாத்திரை சாப்பிடுகிறவர்கள் டாக்டரைக் கேட்காமல் உட்காரக் கூடாது. ருசி பார்த்த பிறகு வண்டிச் சாவியைத் தொடக் கூடாது.

சீல் சரியில்லை, மூடி ஏற்கெனவே திருகியதுபோல் இருக்கிறது

இது ஒன்றுக்கு மட்டும் சரிசெய்யும் வழி கிடையாது. மூடியில் ஹாலோகிராம் கிழிந்திருந்தாலோ, மூடியும் அதன் அடி வளையமும் முன்பே பிரிந்திருந்தாலோ, ஒரு சொட்டுகூட நாக்கில் வைக்காதீர்கள். மெத்தனால் கலந்திருந்தால் நாக்கோ மூக்கோ அதைக் கண்டுபிடிக்காது. சாதாரணச் சாராயத்திலிருந்து வாடையால் பிரித்தறிய முடியாது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60 பேருக்கு மேல் செத்தது மெத்தனாலால்தான். குடித்த அன்று ஒன்றும் தெரியாமல், அரை நாள், ஒரு நாள் கழித்துக்கூட வயிற்றுவலி, வாந்தி, கண் மங்கல் வரலாம். அப்படி ஏதாவது தெரிந்தால் மோர், எலுமிச்சை என்று வீட்டுவைத்தியம் பார்த்துக்கொண்டிருக்காமல் உடனே 108-ஐக் கூப்பிட்டு மதுரை ராஜாஜி ஆஸ்பத்திரி போன்ற பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும். பாட்டிலையும் கையோடு எடுத்துப் போங்கள்.

மூக்கை வைத்ததும் நெடி ஏறுகிறது, வேறொன்றும் தெரியவில்லை

அதிகம் பேர் சொல்லும் குறை இதுதான். இதற்குக் காரணம் நாலு இருக்கலாம். இந்த வரிசையிலேயே பாருங்கள்.

முதல் காரணம் சூடு. மே மாதத்தில் வெளியே 38, 40 டிகிரி போகிற நாளில் மாடி அறையில் வைத்த பாட்டிலும் 35 டிகிரியில் இருக்கும். 20 டிகிரியில் எழும் சாராய ஆவியைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல் 35 டிகிரியில் எழும்பும். அந்த ஆவி மற்ற வாசனைகளை மூடிவிடும். பாட்டிலை 20லிருந்து 24 டிகிரிக்குள் கொண்டுவர வேண்டும். வழி எளிது: ஒரு மண்பானையில் தண்ணீர் நிரப்பி, மூடிய பாட்டிலைக் கழுத்தளவு முக்கி ஒரு மணி நேரம் வையுங்கள். மதுரையின் வறண்ட வெயிலில் பானை ஓரளவு குளிரும். அது போதவில்லையென்றாலோ அவசரமென்றாலோ சின்னப் பாத்திரத் தண்ணீரில் தாராளமாக ஐஸ் போட்டுப் பத்து நிமிடம் வைக்கலாம். கிளாஸுக்குள் ஐஸ் போடாதீர்கள். சில்லென்று ஆனால் நெடி அடங்கும், கூடவே வாசமும் அடங்கிவிடும்.

இரண்டாவது, கிளாஸை முழுசாக நிரப்புவது. வயிற்றுப்பகுதியில் கால்வாசிக்கு மேல் ஊற்றக் கூடாது. ஊற்றிப் பத்து நிமிடம் அப்படியே விடுங்கள்.

மூன்றாவது, முகரும் விதம். மல்லிகைச் சரத்தை முகர்வதுபோல் மூக்கை உள்ளே விட்டு இழுத்தால் ஒரே இழுப்பில் மூக்கு மரத்துப்போகும். கிளாஸை முகவாய்க்கு நேரே பிடித்து, வாயைச் சற்றே திறந்து, மூக்குக்கு ஓரங்குலம் கீழிருந்து மெல்ல மேலே கொண்டுவாருங்கள். ஒரு மூச்சு, அரை நிமிடம் இடைவெளி, மறுபடி ஒரு மூச்சு.

இவை மூன்றும் சரியாக இருந்தும் நெடி நிற்கிறதென்றால் நாலாவது காரணத்துக்கு வருகிறோம்: வீரியம். நம்மூர் பாட்டில்களில் பெரும்பாலும் 42.8 சதவீதம் என்று அச்சிட்டிருக்கும். பழைய கணக்கில் 75 டிகிரி ப்ரூஃப். விஸ்கி கலப்பதைத் தொழிலாகச் செய்பவர்கள் முகர்வதற்கு அதை 20 சதவீத அளவுக்கு இறக்கிக்கொள்வது வழக்கம். நமக்கு முகரவும் ருசிக்கவும் சேர்த்து 30 சதவீதம் தோதானது. 15 மில்லி விஸ்கியில் 6.4 மில்லி தண்ணீர் விட்டால் 42.8 என்பது 30 ஆகும். தண்ணீர் ஊற்றினால் கெட்டுப்போகும் என்று ராவாகவே முகர்கிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். புகை வாசத்துக்குக் காரணமான குவாயகால் என்ற பொருள், சாராய அளவு 45 சதவீதமும் அதற்குக் கீழும் இருக்கையில் திரவத்தின் மேற்பரப்பில் வந்து நிற்கிறது, 59-க்கு மேல் போனால் உள்ளே இறங்கிவிடுகிறது என்று ஸ்வீடனில் கார்ல்சனும் ஃப்ரீட்மனும் 2017இல் கணினிக் கணக்கில் காட்டினார்கள். தண்ணீர் சேர்ப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

நாலும் ஒரே மாதிரி இருக்கிறது

நாக்கு மழுங்கியிருக்கிறதா, விஸ்கிகள் நிஜமாகவே நெருங்கியவையா என்று முதலில் பிரித்துப் பாருங்கள்.

சுக்கா, கறி தோசை, சால்னா எதுவானாலும் ருசி பார்ப்பதற்கு இரண்டு மணி நேரம் முன்பே முடிந்துவிட வேண்டும். மிளகாய்க் காரம் நாக்கில் இருக்கும்போது சாராயத்தின் எரிச்சல் கூடித் தெரியும். வெற்றிலை இன்னும் மோசம். சோழவந்தான் கொடிக்கால் வெற்றிலையின் காரமும் கூடப் போடும் கிராம்பும் நாக்கை மரக்க வைத்துவிடும். அன்று வெற்றிலை போட்டாயிற்றென்றால் ஒப்பிடுவதை நாளைக்குத் தள்ளுங்கள். வெறும் வயிறும் கூடாது. இட்லி இரண்டு, உப்பில்லாத சோறு கொஞ்சம் போதும். இடையிடையே கடிக்க மிக்சர், கடலை வேண்டாம், பொரி நல்லது.

அறையையும் முகர்ந்து பாருங்கள். சாம்பிராணி, ஊதுபத்தி, கொசுவத்திச் சுருள், தலையில் வைத்த மதுரை மல்லி, இதில் ஏதாவது ஒன்று இருந்தாலே மென்மையான வாசம் ஒன்றும் எட்டாது. வெள்ளிக்கிழமைச் சாயங்காலம் இதற்கு ஏற்ற நேரமே கிடையாது.

இதற்குப் பிறகும் ஒரே மாதிரி இருந்தால், முதல் கிளாஸை நம்பாதீர்கள். எந்த விஸ்கியானாலும் முதல் மடக்கு சுள்ளென்றுதான் இருக்கும், வாய் இன்னும் பழகியிருக்காது. ஒப்பிடாத வேறொரு விஸ்கியில் 5 மில்லியை வாயில் சுழற்றித் துப்பிவிட்டு, இரண்டு நிமிடம் கழித்துத் தொடங்குங்கள். வரிசையும் முக்கியம். லேசானது முதலில், புகை வாசம் உள்ளது கடைசியில். டீச்சர்ஸ் மாதிரி புகை அடிக்கும் ஸ்காட்சை நடுவில் வைத்தால், அதற்குப் பின் வருவதெல்லாம் அதன் நிழலில்தான் இருக்கும்.

கடைசியாகக் குப்பியின் பின்பக்க லேபிளைப் பாருங்கள். பல இந்திய விஸ்கிகளில் பெரும்பங்கு கரும்புக் கழிவுப்பாகிலிருந்து 96 சதவீதம்வரை வடித்தெடுத்த நடுநிலைச் சாராயம். அவ்வளவு சுத்தமாக வடித்தால் பாகின் வாசம், தானியத்தின் வாசம் எல்லாம் போய்விடும். பிறகு சேர்க்கும் மால்ட்டின் (முளைகட்டிய பார்லியில் வடித்த விஸ்கி) அளவையும் தரத்தையும் பொறுத்துத்தான் ஒன்றுக்கொன்று வித்தியாசம் வரும். ஸ்காட்லாந்தில் செய்யும் ஸ்காட்ச் அப்படியில்லை. 94.8 சதவீதத்துக்குக் கீழே வடித்து, 700 லிட்டருக்கு மேற்படாத ஓக் பீப்பாயில் குறைந்தது மூன்று வருஷம் ஊறியிருக்க வேண்டும் என்பது அங்கே சட்டம். ஒரே விலைப் படியில் உள்ள இரண்டு இந்தியக் கலப்பு விஸ்கிகள் ஒரே மாதிரி தெரிந்தால் அது உங்கள் நாக்கின் குறையாகவே இருக்க வேண்டியதில்லை. நடுவில் ஒரு ஸ்காட்சை வைத்துப் பாருங்கள். அது தனியாகத் தெரிந்தால் நாக்கு சரியாகத்தான் இருக்கிறது.

ஒன்று மட்டும் காட்டமாக இருக்கிறது, மற்றது மென்மையாக இருக்கிறது

தீர்ப்புச் சொல்வதற்கு முன் லேபிளில் சதவீதம் பாருங்கள். வெளிநாட்டில் அடைத்து வரும் ஸ்காட்ச் பெரும்பாலும் 40. இங்கே அடைப்பது 42.8. ஒரே அளவு தண்ணீர் விட்டு இரண்டையும் ஒப்பிட்டால், வீரியம் குறைந்தது எப்போதும் 'ஸ்மூத்' என்ற பெயரைத் தட்டிக்கொண்டு போய்விடும். சமப்படுத்துவது இப்படி: 15 மில்லியை 30 சதவீதத்துக்கு இறக்க, 40 உள்ளதற்கு 5 மில்லி தண்ணீர், 42.8-க்கு 6.4 மில்லி, 46-க்கு 8 மில்லி. கணக்கு ஒன்றுதான், விஸ்கியின் அளவைச் சதவீதத்தால் பெருக்கி 30-ஆல் வகுத்தால் மொத்தம் எவ்வளவு வர வேண்டுமென்று தெரியும், அதில் விஸ்கியின் அளவைக் கழித்தால் மீதி தண்ணீர். கண்ணால் பார்த்து ஊற்றாதீர்கள், சிரிஞ்சு எதற்கு இருக்கிறது! பெரும்பாலோர் ஒரு பிராண்டை 'அடிக்குது' என்று ஒதுக்கியது இந்த ஒன்றரை மில்லி தண்ணீரைக் கவனிக்காததால்தான் என்பது எங்கள் திடமான அபிப்பிராயம்.

உப்பு, கசப்பு, இரும்பு வாடை

தண்ணீரைத்தான் முதலில் பிடிக்க வேண்டும். போர் தண்ணியின் உப்பும் கடினமும் விஸ்கியில் அப்படியே தெரியும். மாநகராட்சிக் குழாய்த் தண்ணீரில் குளோரின் வாடை இருந்தால் கொதிக்கவைத்து, அகலமான பாத்திரத்தில் திறந்து ஆறவிடுங்கள். எளிய வழி ஆர்.ஓ. கேன் தண்ணீர். ஆனால் பல நாள் வெயிலில் நின்ற கேனில் பிளாஸ்டிக் வாடை இருக்கும். வெறும் தண்ணீரை அதே கிளாஸில் ஊற்றி முகர்ந்துவிட்டுத்தான் பயன்படுத்த வேண்டும். சோடா, கோலா எல்லாம் ஒப்பிடும் வேலைக்கு ஆகாது.

அடுத்தது கிளாஸ். சில்வர் டம்ளரில் வாசம் குவிந்து நிற்காது, உதட்டில் உலோகச் சுவையும் தட்டும். யூஸ் அண்ட் த்ரோ கப் வேண்டவே வேண்டாம். கண்ணாடிக் கிளாஸைச் சோப்பில்லாமல் வெந்நீரில் மூன்று தரம் அலசி, துணியால் துடைக்காமல் தானாகக் காயவிடுங்கள். அலமாரியில் கவிழ்த்து வைத்த கிளாஸுக்குள் பூசணம் பிடித்த அட்டை வாடை தங்கும். ஊற்றுமுன் காலிக் கிளாஸை முகர்வது ஒரு நிமிட வேலை.

தண்ணீர் விட்டதும் கலங்குகிறது, அல்லது கறுக்கிறது

லேசான பால்நிறக் கலங்கல் என்றால் பயப்பட ஒன்றுமில்லை. குளிர்வித்து வடிகட்டாத விஸ்கிகளை பெரும்பாலும் 46 சதவீதத்தில் அடைப்பார்கள். வீரியம் இறங்கும்போதோ குளிரும்போதோ அதிலுள்ள கொழுப்பு அமில எஸ்டர்கள் கரைந்திருக்க முடியாமல் திரளும். அது கனமான, அடர்ந்த சுவையுள்ள விஸ்கிக்கு அடையாளம் என்றே சொல்லலாம். சாம்பலாகவோ கருநீலமாகவோ மாறினால் விஷயம் வேறு. தண்ணீரில் இரும்பு இருக்கிறது, அது மரப்பீப்பாயின் துவர்ப்போடு சேர்ந்து கறுக்கிறது. கடுக்காயும் அன்னபேதி என்ற இரும்பு உப்பும் சேர்த்து மை செய்த அதே வேதியியல். தண்ணீரை மாற்றுங்கள்.

நெயில் பாலிஷ் வாடை. அழுகிய முட்டை, தீக்குச்சி வாடை

நெயில் பாலிஷ் வாடை எத்தில் அசிட்டேட். சீக்கிரம் ஆவியாகிறது என்பதால் ஊற்றிப் பதினைந்து நிமிடம் திறந்து வைத்தால் பெருமளவு குறையும். குறையாவிட்டால் அது அந்த விஸ்கியின் குணம், எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.

முட்டை வாடை கந்தகச் சேர்மங்களால் வருவது. அதைச் சோதிக்க நம் வீட்டிலேயே கருவி இருக்கிறது: செம்புச் சொம்பு. புளி போட்டுப் பளபளவென்று தேய்த்து, புளி வாடை துளியும் இல்லாமல் நல்ல தண்ணீரில் அலசி, 10 மில்லி விஸ்கியை அதில் விட்டு ஒரு நிமிடம் சுழற்றுங்கள். திரும்பக் கிளாஸில் ஊற்றி, செம்பில் படாத கிளாஸோடு சேர்த்து முகருங்கள். ஒன்றில் முட்டை வாடை இருக்கும்; மற்றதில் அது விலகி, பின்னாலிருந்த வாழைப்பழமோ தேனோ மெல்ல எட்டிப்பார்க்கும். செம்பு கந்தகத்தைப் பிடித்துக்கொள்கிறது. ஸ்காட்லாந்தின் வடிகலங்கள் செம்பில் இருப்பதற்கும் இது ஒரு காரணம். செம்பில் சுழற்றியதை முகர மட்டும் செய்யுங்கள், குடிக்காமல் கொட்டிவிடுங்கள்.

நிறம் அடர்ந்ததும் விலை கூடியதுமே எப்போதும் ஜெயிக்கிறது

இங்கே கோளாறு கண்ணில். சாதாரணமாக விஸ்கியில் கேரமல் நிறம் சேர்ப்பது இந்தியாவிலும் ஸ்காட்லாந்திலும் அனுமதிக்கப்பட்டது, ஆக நிறத்தை வைத்து ஊறிய காலத்தைச் சொல்ல முடியாது. விலை தெரிந்தால் நாக்கு அதற்கேற்பச் சாயும். யாருக்கும் இதில் விதிவிலக்கில்லை.

சரிசெய்ய முக்கோணச் சோதனைதான் வழி. சந்தேகத்துக்குரிய இரண்டு விஸ்கியிலும் 20 மில்லி எடுத்து, 42.8 சதவீதமானால் தலா 8.5 மில்லி தண்ணீர் கலந்து வைத்துக்கொள்ளுங்கள். தம்பியோ மச்சானோ அடுத்த அறையில் மூன்று கிளாஸில் 5 மில்லி வீதம் ஊற்றட்டும். இரண்டில் ஒரே விஸ்கி, மூன்றாவதில் மற்றது. கிளாஸின் அடியில் ஒட்டிய பிளாஸ்திரியில் எண் எழுதிவிட்டு அவர் வெளியே போய்விட வேண்டும். கூடவே நின்றால் அவர் முகமே காட்டிக்கொடுக்கும். நிற வித்தியாசம் தெரிந்தால் விளக்கை மங்கலாக்குங்கள், அல்லது கிளாஸைச் செய்தித்தாளால் சுற்றிவிடுங்கள். உங்கள் வேலை, தனித்து நிற்பது எது என்று சொல்வது. எது நல்லது என்ற கேள்வியே இப்போது வேண்டாம்.

இதை மூன்று சுற்று செய்யுங்கள். குருட்டாம்போக்கில் சொன்னாலும் ஒரு சுற்று சரியாக வர மூன்றில் ஒரு வாய்ப்பு இருக்கிறது; மூன்றும் சரியாக வர 27-ல் ஒன்றுதான். மூன்றும் சரியென்றால் வித்தியாசம் உங்களுக்கு நிஜமாகவே தெரிகிறது. இரண்டுதான் சரியென்றால் அது தற்செயலாகவும் இருக்கலாம். இன்னொரு நாள் ஐந்து சுற்று வைத்து, அதில் குறைந்தது நாலு சுற்று சரியாக வருகிறதா பாருங்கள். வரவில்லையென்றால் விலை குறைந்ததையே வாங்குங்கள், மிச்சப் பணம் உங்களுடையது.

போன வாரம் நன்றாக இருந்தது, இன்று இல்லை

பாட்டில் எவ்வளவு காலியாகியிருக்கிறது? பாதிக்கு மேல் காற்று நிறைந்த பாட்டிலில் வாசம் மாதக்கணக்கில் மெல்லத் தட்டையாகும். மிச்சத்தைச் சுத்தமான சிறிய கண்ணாடிக் குப்பியில் கழுத்துவரை நிரப்பி மாற்றிவிடுங்கள். பரணும் தகரக் கூரைக்கு அடியும் கூடாது, ஜன்னல் வெயிலும் கூடாது. நெட்டாக நிறுத்தி வையுங்கள். படுக்கவைத்தால் கார்க்கைச் சாராயம் அரிக்கும்.

பாட்டில் புதிது, ஆனாலும் மாறியிருக்கிறதென்றால் மாறியது நீங்களாக இருக்கலாம். சளி, தூக்கமின்மை, மதியம் சாப்பிட்ட பிரியாணி, எதுவும் காரணமாகலாம். இதைக் கண்டுபிடிக்க ஒரு பாட்டிலை ஒப்பீட்டுப் பாட்டிலாக நிலையாக வைத்துக்கொள்ளுங்கள். எந்த நாள் உட்கார்ந்தாலும் அதில் 10 மில்லி முதலில் வரட்டும். அதுவே அன்று கசந்தால் மற்றதைத் திறக்காதீர்கள்.

குறிப்பு எழுதினேன், மறுநாள் படித்தால் ஒன்றும் விளங்கவில்லை

'ஸ்மூத்', 'சூப்பர்', 'கிக்' என்று எழுதியிருப்பீர்கள். பழக்கமில்லாத வெளிநாட்டுப் பழங்களின் பெயரையும் கடன் வாங்க வேண்டாம். நம் அடுப்படியிலும் தெருவிலும் உள்ள வாசங்களே போதும். மால்ட் என்றால் ஹார்லிக்ஸ் டப்பாவைத் திறந்த வாசம். ஓக் பீப்பாயின் லாக்டோன் கொப்பரைத் தேங்காய் மாதிரி இருக்கும், யூஜெனால் கிராம்பு மாதிரி. ஐசோஅமைல் அசிட்டேட் நன்கு கனிந்த சிறுமலைப் பழம். பீட் என்ற மக்கிய சதுப்புநில மண்ணை எரித்த புகையில் வருவது கொட்டாங்குச்சிக் கரி, சில சமயம் ஆஸ்பத்திரி வராந்தா. கழிவுப்பாகின் வாடை, அரவை நடந்த காலத்தில் அலங்காநல்லூர் ஆலைப் பக்கம் அடித்த அதே வாடை. கேரமலைச் சொல்லக் கருகிய சர்க்கரை, கருப்பட்டி என்ற இரண்டையும் தனித்தனியாக வைத்துக்கொள்ளுங்கள், இரண்டும் ஒன்றல்ல.

வாசம் பிடிபடவில்லையென்றால் ஐந்தாறு சொட்டை உள்ளங்கையில் விட்டுத் தேய்த்து, சாராயம் பறந்ததும் கையைக் குவித்து முகருங்கள். அன்றைய கிளாஸ்களையும் கழுவாமல் எண் ஒட்டியபடியே இரவு முழுவதும் விட்டுவையுங்கள். காலையில் காப்பிக்கு முன்னால் ஒவ்வொன்றாக முகர்ந்து பாருங்கள். சாராயமும் லேசான வாசங்களும் போய், கனத்தது மட்டும் அடியில் காய்ந்திருக்கும். ஒன்றில் வெறும் சர்க்கரைப் பாகு, இன்னொன்றில் மரப்பெட்டியைத் திறந்தாற்போல் வெனிலாவும் கொப்பரையும், புகையுள்ளதில் அணைந்த அடுப்பின் சாம்பல். நேற்றைய குறிப்புக்கு எதிரே இதையும் எழுதிவிட்டுக் கிளாஸைக் கழுவுங்கள்.